வேலை யார் பேர்ல?

வட சென்னையில் எங்கேயாவது தெருவைத் தோண்டினால் முதலில் வருகிற கேள்வி "இன்னா வேலை?" இல்லை. "வேலை யார் பேர்ல?" என்பதுதான். டீக்கடையிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கும் அது தெரிய வேண்டும், பள்ளத்தால் ஆட்டோவைத் திருப்ப முடியாமல் திட்டுகிறவருக்கும் தெரிய வேண்டும், கொடி கட்டிய வண்டியில் வந்து கண்ணாடியை இறக்குகிறவருக்குக் கண்டிப்பாகத் தெரிய வேண்டும். பேர் தெரிந்தால்தான் சண்டை போடலாமா, கும்பிடு போடலாமா என்று முடிவு செய்ய முடியும். எத்தனையோ வருஷம் இந்தக் கேள்விக்கு நான் இன்னொருவர் பேரைச் சொல்லித்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

அந்த இன்னொருவரை இங்கே லைசென்ஸ்காரர் என்று மட்டும் சொல்கிறேன். இதில் யார் பேரையும் எழுதப் போவதில்லை. ஒரே ஒரு பேரை எழுதினால் என் வீடு போய்விடும், அதனால் மற்றவர்கள் பேரையும் விட்டுவிட்டேன். அது ஏன் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் எம்.கே.பி. நகர் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் அங்கேதான் இருக்கிறேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்விட்டார். அம்மா சித்தாள். தலையில் சும்மாடு வைத்து ஜல்லியும் கலவையும் சுமந்து என்னைப் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்க வைத்தாள். வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறார். கன்டெய்னரை வைத்துக்கொண்டு துறைமுக வாசலில் வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் போய்விடும் அவருக்கு, அதனால் வீட்டு விஷயம் எல்லாம் அம்மாவும் நானும்தான்.

படிப்பு முடிந்ததும் லைசென்ஸ்காரரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். திருவொற்றியூரில் மாடியில் ஒரு ரூம் ஆபீஸ். சில வருஷம் கழித்து அவர், "தங்கச்சி, எனக்கு வெயில்ல நிக்க முடியல. வேலைய நீயே எட்த்து செய்யி, பில்லு வந்தா என் பங்க குட்த்துடு" என்றார். அன்றிலிருந்து டெண்டர் அவர் பேரில், வேலை என் தலையில். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பிக்கு நிற்பது நான். ஆள் சேர்ப்பது, அவர்களுக்குச் சோறு பார்ப்பது, மழையில் பள்ளம் சரிந்தால் திட்டு வாங்குவது எல்லாம் நான். பில் அவர் கணக்குக்குப் போய், அவர் பங்கு போக மீதி எனக்கு வரும். வேலையை இப்படி இன்னொருவருக்கு விடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். சப்-கான்ட்ராக்டர் என்பதைச் சுருக்கி, தொழிலில் இதற்கு 'சப்' என்று பேர். அரை வார்த்தையில் முடிந்துவிடுகிற பதவி.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், திட்டியாவது ஆறியிருப்பேன். என் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவர்தான் ஆட்டோ பிடித்துக் கொடுப்பார். என்னிடம் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. அப்படிப்பட்ட மனுஷனிடம் போய் "என் பேர் எங்கே?" என்று எப்படிக் கேட்பது?

கேட்டது அம்மாதான்.

எங்கள் தெருக் கோடியிலேயே ஓர் அங்கன்வாடி கட்டும் வேலை வந்தது. சொந்தத் தெரு என்பதால் நான் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டம் போட்டேன். குழந்தைகள் கால் வழுக்கக் கூடாது என்று தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் கேட்டு இன்ஜினியரோடு மல்லுக்கு நின்றேன். ஜன்னல் அவர்கள் உயரத்துக்கு இருக்க வேண்டும் என்று போட்டதை உடைத்து இறக்கி வைத்தேன். அந்தச் செலவு யாருடையது என்று கேட்காதீர்கள். திறப்பு விழா முடிந்து பந்தல்காரன் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள். வாசலில் பதித்திருந்த கல்லின் முன்னால் நின்று, எழுத்தின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழ்வரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கடைசி வரியில் ஒப்பந்ததாரர் என்று இருந்தது. அதற்கு நேராக லைசென்ஸ்காரர் பேர்.

"இன்னாடி இது, அல்லார் பேரும் கீது, உன் பேர காணோம்?"

"என் பேரு எதுக்கும்மா வரும்? வேலை அவர் பேர்ல."

"அவரு ஒரு நாளு வந்து எட்டிப் பாத்தாரா? நான் எதிர்லயேதான கீறேன், எனக்குத் தெரியாதா?"

பந்தல்காரன் திரும்பிப் பார்த்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, இத்தனை வருஷமாக எனக்குள்ளே நான் கேட்காமல் அமுக்கி வைத்திருந்ததை அவள் நடுத்தெருவில் போட்டு உடைத்துவிட்டாள் என்று கோபமும் வந்தது. வீட்டுக்கு வந்து அவளோடு பேசவில்லை. அடுத்த நாள் காலையில் லைசென்ஸுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரிக்கப் போனேன்.

என் கூட வேலை செய்கிற மேஸ்திரிக்கு விஷயம் தெரிந்ததும் குதி குதி என்று குதித்தார். அம்மா சித்தாளாக இருந்த காலத்திலேயே கலவை போட்டவர் அவர். என்னை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், ஆபீசர்கள் முன்னாலும் அப்படித்தான். "பாப்பா, நீ மட்டும் லைசென்சு எட்த்துக்கினு வா, போர்டு நான் சோக்கா ரெடி பண்றேன்" என்றார். சொன்னபடி ஒரு தகரத்தை வெட்டி, ஓரத்தை மடித்து, மஞ்சள் பெயின்ட் அடித்துக் காய வைத்துவிட்டார். வேலை நடக்கிற இடத்தில் ஒப்பந்ததாரர் பேரோடு நிறுத்தி வைக்கிற போர்டு அது. பேர் எழுதுகிற இடம் மட்டும் காலி. "கையெழுத்து ஆன அன்னிக்குதான் எழுதணும். முன்னாடி எழுதுனா ராசியில்ல" என்றார்.

நான் கேட்டது ஒன்றும் பெரிய லைசென்ஸ் இல்லை. இருப்பதிலேயே கடைசி வகுப்பு. சின்னச் சின்ன வடிகால், காம்பவுண்டு சுவர், கழிவறை என்று எடுக்கலாம். அதற்கே கேட்ட காகிதங்களைப் பார்த்தால் கல்யாண ஜவுளிப் பட்டியல் தோற்றுவிடும். ஜி.எஸ்.டி. எண் வாங்கினேன். டிப்ளமோ சான்றிதழ் பெட்டிக்கடியில் இருந்தது, பூச்சி அரித்த ஓரத்தோடு. அனுபவச் சான்றுக்கு லைசென்ஸ்காரரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நெளிந்தேன்.

அவர் சிரித்தார். "எடு தங்கச்சி, எடு. எட்த்துக்கினு எனக்கே போட்டியா வந்து நிக்காத." லெட்டர்பேடில் எழுதி, சீல் போட்டு, கையோடு கொடுத்துவிட்டார். அப்புறம் சர்க்கரை மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டே, "சொத்துச் சான்றுக்கு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார்.

லைசென்ஸ் கேட்கிறவருக்கோ, அவருக்காக ஜாமீன் நிற்கிற சொந்தக்காரருக்கோ சொத்து இருக்கிறது என்று தாலுகா ஆபீசில் எழுதி வாங்கும் சான்று அது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினால் பிடிக்க ஒரு பிடி வேண்டுமே, அதற்கு.

"அதான் சொந்த வூடு கீதே அண்ணே" என்றேன்.

 அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, தண்ணீரைக் குடித்துவிட்டு, "செரி, பாரு" என்றார். அந்தத் தண்ணீரோடு அவர் எதை விழுங்கினார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குடிசைகளை எடுத்துவிட்டு மாடி வீடுகளாகக் கட்டிக் கொடுத்தபோது, மூன்றாவது மாடியில் உள்ள இந்த ஒற்றை அறை வேறொரு அம்மாவுக்கு ஒதுக்கப்பட்டது. அந்தம்மா மகள் வீட்டோடு கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும்போது வீட்டை என் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். காசு வாங்கிக்கொண்டு முத்திரைத்தாளில் கைநாட்டு, சாட்சிக்குத் தெருவில் ரெண்டு பேர். பதிவு எதுவும் கிடையாது, ஏனென்றால் அதை விற்கும் உரிமை அந்தம்மாவுக்கே கிடையாது. எங்கள் பிளாக்கில் முக்கால்வாசி வீடுகள் இப்படித்தான் கைமாறின. யாரும் இதை ஒரு தப்பாக நினைக்கவில்லை. அந்தம்மா கொஞ்ச வருஷத்தில் இறந்துபோனார். ஆனால் எங்கள் வீட்டில் அவர் சாகவே இல்லை. வாரிய ரசீது அவர் பேரில் வந்தது. கரண்ட் பில் அவர் பேரில் வந்தது. யாராவது கதவைத் தட்டி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என் அம்மா அடுப்பிலிருந்து எழுந்து போய், "நான்தான் சார்" என்பாள்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மீட்டர் பார்க்கிறவர் வந்து அந்தப் பேரைச் சொல்லி, இருக்கிறார்களா என்று கேட்டார். "அப்டி யாரும் இங்க இல்ல" என்றேன். சத்தியமான பதில். பின்னாலிருந்து அம்மாவின் கை வந்து என் தொடையில் கிள்ளியது பாருங்கள், உயிர் போய்விட்டது. "நான்தான் சார், கொயந்தைக்குத் தெரியாது" என்று அவரிடம் சிரித்தாள். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, "எவன் வந்து அந்தப் பேர கேட்டாலும் அது நான்தான். வெளங்குதா?" என்றாள். விளங்கிவிட்டது. அதற்கப்புறம் நான் தப்பே செய்யவில்லை. பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் இருப்பது மாதிரி, ஆபீசர்களுக்கு என்று அம்மாவிடம் ஒரு பேர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டைத்தான் சொந்த வூடு என்றோம். எங்கள் பக்கம் அந்த வார்த்தைக்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. மாசம் பிறந்தால் வாடகை கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா அதைத்தான் முதலில் சொன்னாள். சொந்த வூடு, பொண்ணு படிச்சவ. என் கல்யாணமே அந்த வார்த்தையை வைத்துத்தான் நடந்தது. மனையளந்து, பத்திரம் பார்த்து, எத்தனையோ சுவரைக் கட்டியிருக்கிறேன். ஒரு கம்பி சாய்ந்திருந்தால் மேஸ்திரியை நிற்க வைத்துத் திட்டுகிறவள். என் வீட்டுக்குப் பத்திரம் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நினைப்பு வந்ததே இல்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த வார்த்தை, அதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. இ-சேவை மையத்தில் உட்கார்ந்து, 'சொந்த வீடு' என்று நிரப்பி, முத்திரைத்தாளையும் ரசீதுகளையும் வரிசையாக ஏற்றிவிட்டு, வழியில் அம்மாவுக்குப் பிடித்த பாதாம் அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன். மாட்டிக்கொள்ளத் தேவையான அத்தனையையும் என் கையாலேயே கொடுத்துவிட்டு அல்வா வாங்கிய ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆர்.ஐ. நேரில் பார்க்க வருவதாகப் போன் வந்தது. வருவாய் ஆய்வாளர் நம் வீட்டுக்கு வருகிறார் என்றதும் அம்மா வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெருக்கினாள். சுவரில் புத்தர் படத்துக்கும், பக்கத்தில் கோட்டு போட்டவர் படத்துக்கும் புது மாலை. எதிர் வீட்டிலிருந்து உடையாத நாற்காலி ஒன்று வந்தது. அவளே இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.

அவர் மூன்று மாடி ஏறிய களைப்பில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். நரை விழுந்தவர். காபி வேண்டாம், தண்ணீர் போதும் என்றார். நாற்காலியில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டினார். மேலே இருந்தது வாரிய ரசீது. அதிலிருந்த பேரைப் படித்துவிட்டு, "இது யாரும்மா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"நான்தான் சார்."

 அத்தனை வருஷப் பழக்கம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆபீசர் வந்தார், அந்தப் பேரைச் சொன்னார், அவள் பதில் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

அவர் அடுத்த தாளுக்குப் போனார். முத்திரைத்தாள். நிதானமாகப் படித்தார். "சரி. அப்போ நீங்க இந்த வீட்டை வித்திருக்கீங்க. வாங்கினவங்க எங்க?" என்று கேட்டு, என் அம்மாவின் நிஜப் பேரைச் சொன்னார்.

அம்மா என்னைப் பார்த்தாள். தெருக்குழாயடியிலிருந்து ரேஷன் கடைவரை அவளுக்குப் பதில் கிடைக்காத சண்டையை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு என்னைப் பார்த்தாள். 

"அதுவும் நான்தான் சார்" என்றாள்.

"ரெண்டு பேரும் நீங்களா?"

"ஆமா சார்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். காகிதங்களைச் சேர்த்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க வெளிய வாங்கம்மா" என்று என்னை நடைக்குக் கூப்பிட்டார். கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு, சுவரோரமாக நின்றுகொண்டார்.

"அந்தம்மா இருக்காங்களா?"

"செத்துட்டாங்க சார்."

"நீங்க சிவில் படிச்சவங்கதானே?"

"ஆமா சார்."

"இந்த பிளாக்கை இடிச்சுக் கட்டப் போறாங்கன்னு தெரியுமில்ல?"

தெரியும். வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். இடிக்கும்போது குடும்பத்துக்கு ஒன்று என்று புது வீடு தருவார்கள் என்பதுதான் அப்போது பிளாக் முழுக்கப் பேச்சு.

"யாருக்கு ஒதுக்கினதோ அவங்க பேர்லதான் புது வீடு வரும். நடுவுல நீங்க கைமாத்திக்கிட்டது எதுவும் கணக்குல கிடையாது. இப்போ யாரும் கேக்கல, அதனால ஓடுது. நான் இதை எழுதினா, ஒதுக்கீடு வாங்கினவர் இறந்துட்டார், வேற ஆள் இருக்காங்கன்னுதான் எழுதணும். பொய் எழுத மாட்டேன். ஆனா எழுதாம இருக்கலாம். நீங்களே மனு வேண்டாம்னு குடுத்துட்டா, நான் இங்க வரவே இல்லை."

"அப்போ லைசென்ஸ் சார்?"

"வேற சொத்து இருக்கா?"

"இல்ல சார்."

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். படியிறங்கும்போது, "அம்மாவைத் திட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் தாலுகா ஆபீசில் மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். காரணம் எழுத வேண்டும் என்றார்கள். 'எனக்கோ என் தாயாருக்கோ சொந்தமாக அசையாச் சொத்து எதுவும் இல்லாத காரணத்தால்' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், பாலிடெக்னிக்கில் டிராயிங் வாத்தியார் பாராட்டுவார். அந்த வரியையும் அழகாகத்தான் எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. அதை யார் மேல் காட்டுவது என்று சுற்றிப் பார்த்தேன், ஒருத்தரும் கிடைக்கவில்லை. ஆர்.ஐ. நல்லவர். லைசென்ஸ்காரர் நல்லவர். வீட்டை விற்ற அந்தம்மா பாவம், போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருந்தது அம்மா ஒருத்திதான், அவளையும் திட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் அந்த மனுஷன்.

வீட்டில் அம்மா காத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இது சொந்த வூடு இல்லியாடி?"

"இல்லம்மா."

"மாசாமாசம் வாரியத்துக்குக் கட்றது நானு."

"ஆமா."

"ஓதம் ஏறி சொவுரு உதுந்துச்சே, பூசுனது நீயி."

"ஆமாம்மா."

"அப்பால?"

   அவளே எழுந்து, ஆர்.ஐ. உட்கார்ந்த நாற்காலியை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் வாயில் சொந்த வூடு என்ற வார்த்தையை நான் கேட்கவில்லை. யாராவது கேட்டால், "தோ, இங்கதான் கீறோம்" என்கிறாள்.

நான் அதோடு விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள், எனக்கு அவ்வளவு நல்ல புத்தி கிடையாது. பேங்கில் சான்று தருவார்கள் என்றார்கள், போனேன். அங்கேயும் வீட்டுப் பத்திரம்தான் கேட்டார்கள். வீட்டுக்காரரின் அண்ணனுக்கு மணலி புதுநகரில் அரை கிரவுண்டு இருக்கிறது, அதைக் காட்டலாமா என்று இவரைக் கேட்கச் சொன்னேன். இவர் கேட்டுவிட்டு வந்து, "அவரு பேஜார் ஆவுதுங்கிறாரு" என்றார். அண்ணியோ எனக்கே போன் போட்டு, "நாளைக்கு நீ கட்ன செவுரு இடிஞ்சு வுயுந்தா என் மனைய புடுங்குவான் இல்ல?" என்று கேட்டாள். என் சுவர் இடியாது என்று சொல்லலாம். சொன்னால் அவள் நம்ப வேண்டுமே. போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை.

மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒரு பீடியைப் பற்ற வைத்தார். "வுடு பாப்பா. லைசென்சு இல்லாம நான் எத்தினி பங்களா கட்டிக்கீறேன்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை, அவர் கட்டிய பங்களாக்களையும் அவர் வாழ்கிற இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன். மஞ்சள் போர்டு கொஞ்ச நாள் சாமான் வண்டியில் கிடந்தது. மழைக்காலத்தில் சிமென்ட் மூட்டையை மூட ஒன்றும் அகப்படாமல் அதைப் போட்டு மூடினோம். பிறகு கலவை கொட்டுவதற்கு வைத்துக்கொண்டோம். ஓரம் மடித்த தகரம், கலவை சிந்தாது, நல்ல வசதி.

இதற்கிடையில் லைசென்ஸ்காரருக்குச் சர்க்கரை முற்றி ஒரு காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இனி ஆபீசுக்கு அலைய முடியாது என்று லைசென்ஸை மனைவி பேரில் புதிதாக எடுத்தார். அந்த அக்கா தங்கமானவர். போனால் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். ஒரு நாளும் பள்ளத்தில் இறங்கியவர் இல்லை, ஜல்லியில் எத்தனை சைஸ் என்று கேட்டால் சிரிப்பார். ஆனால் திருவொற்றியூர் வீடு அவர் பேரில் பதிவாகியிருந்தது. சொத்துச் சான்று சீக்கிரமே வந்துவிட்டது. எனக்குப் பொறாமை வந்தது என்பதை மறைக்க என்ன இருக்கிறது? அன்றைக்கு அவர் போட்ட மீன் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், அதுவும் உண்மைதான்.

புது லைசென்ஸில் முதல் வேலை அத்திப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு சுவர். அனல்மின் நிலையச் சாம்பல் காற்றில் வந்து டீ டம்ளரில் ஏடு கட்டுகிற இடம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு யாரும் போக மாட்டார்கள். லைசென்ஸ்காரர் படுக்கையிலிருந்தே போன் போட்டார். "தங்கச்சி, பழைய இன்ஜினியர் மாறிட்டாரு. புதுசா வந்திருக்கிறவரு ரொம்ப ஸ்ட்ரிக்டாம். சப்புன்னு தெரிஞ்சா வேலைய நிறுத்திடுவாராம். யாராச்சும் கேட்டா கொஞ்சம் சமாளி." எப்படிச் சமாளிப்பது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் வந்த அன்றைக்கு அஸ்திவாரக் கல் வேலை முடிந்து மேலே கட்டு வேலை ஏறிக்கொண்டிருந்தது. புது இன்ஜினியர் ஜீப்பிலிருந்து இறங்கினார். சின்ன வயசு, எனக்குத் தம்பி மாதிரி இருப்பார். சுவரைப் பார்த்தார், தூண் கம்பியின் இடைவெளியை டேப் வைத்து அளந்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. நல்லா செய்திருக்கீங்க என்றுகூடச் சொன்னார். வேலையைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்லி எவ்வளவு நாளாகிவிட்டது. அப்புறம் கையிலிருந்த ஒர்க் ஆர்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாக, அந்த அக்காவின் பேரைச் சொல்லி, பின்னால் மேடம் சேர்த்து, "நீங்கதானே?" என்று கேட்டார்.

மேஸ்திரி கரண்டியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் மஞ்சள் தகரத்தில் கலவை இருந்தது. சுவரின் அந்தப் பக்கம் என் ஆட்கள் வேலையை நிறுத்தவில்லை, கல் கைமாறுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இல்லை என்றால் அவர்களுக்கு அன்றையோடு வேலை இல்லை. என் பேரைச் சொல்லலாம், எனக்கென்று ஒரு பேர் இருக்கிறது, நல்ல பேர், அம்மா ஆசையாக வைத்தது. அது நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தான் சார்" என்றேன்.

இந்தத் தடவை யாரும் என் தொடையைக் கிள்ள வேண்டியிருக்கவில்லை.